'ஓம், நடப்பன்': அத்தானின் கொடுப்பனவு விண்ணப்பம்

பாரிசவாதம் என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு எந்த உத்தியோகத்தராலும் எதையும் தீர்மானிக்க முடியாது. அந்த நோய் வந்த ஒருவர் ஆறு மாதத்தில் கடைக்கு நடந்துபோய்ப் பாண் வாங்கி வருகிறார். இன்னொருவர் ஆறு வருடமாகக் கட்டிலில் கிடக்கிறார். ஆகவே மாற்றுத்திறனாளிகளுக்கான அரசாங்கக் கொடுப்பனவுக்கு விண்ணப்பிக்கும்போது, அந்த மனிதரால் ஒரு நாளில் எவற்றைச் செய்ய ஏலாது, அவற்றை யார் செய்து கொடுக்கிறார்கள் என்பதைத்தான் சுற்றிச் சுற்றிக் கேட்பார்கள். எங்களுடைய ஆட்கள் தடுமாறுகிற இடமும் அதுவே. நோய் எப்படி வந்தது, எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம், எந்த டொக்டர் என்ன சொன்னார் என்று கேட்டால் ஒரு மணித்தியாலம் பேசுவோம். ஏலாமையைப் பற்றிக் கேட்டால் மட்டும் 'பரவாயில்லை, சமாளிக்கிறோம்' என்று ஒரே வரியில் முடித்துவிடுவோம்.

நான் திருகோணமலையில் ஓர் அரசாங்கத் திணைக்களத்தில் முகாமைத்துவ உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். சமூக சேவைப் பகுதியில் ஒருநாளும் வேலை செய்ததில்லை. ஆனாலும் ஒரு கோவை எப்படி நகரும், எந்த மேசையில் படுத்துவிடும் என்பது ஓரளவுக்குத் தெரிந்தவன் என்ற படியால், உறவுக்குள் எவருக்கு எந்தப் படிவம் வந்தாலும் அது கடைசியில் என்னிடந்தான் வந்து சேரும். அப்படி வந்ததுதான் அக்காவின் கணவருடைய விண்ணப்பமும். அத்தான் மேசன் வேலை செய்தவர். சாம்பல்தீவில் இருந்து உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் எழும்பிய விடுதிச் சுவர்கள் பலவற்றில் அவருடைய கை பட்டிருக்கிறது. 52 வயதில் ஒரு விடியற்காலை பாரிசவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. உயிர் தப்பினார், பேச்சும் பாதி திரும்பியது, வலது கை திரும்பவில்லை.

எந்தப் பணத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால் எங்கள் ஊரில் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டு, 'அந்தக் காசுக்குப் பதிஞ்சாச்சா' என்றுதான் கேட்பார்கள். குறைந்த வருமானக் குடும்பங்களில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கு மாதாமாதம் கிடைக்கும் கொடுப்பனவு பல வருடங்களாக 3,000 ரூபாவாக இருந்து, பின்னர் 5,000 ஆகி, 2024 இல் 7,500 ஆகி, 2025 ஆம் ஆண்டின் வரவுசெலவுத் திட்டத்தில் 10,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. நீண்டகாலச் சிறுநீரக நோயாளிகளுக்கும் இதே தொகைதான். முதியோருக்கான கொடுப்பனவு வேறு, அது குறைவு. மாகாண சமூக சேவைத் திணைக்களம் வழங்கும் பொதுசன உதவிப்பணம் இன்னொன்று. மாற்றுத்திறனாளிகளுக்கான தேசியச் செயலகத்தின் ஊடாகச் சக்கர நாற்காலி, காது கேட்கும் கருவி போன்ற உபகரணங்களுக்கும், வீடு திருத்துவதற்கும், சுயதொழிலுக்கும், மருத்துவச் செலவுக்கும் உதவி கேட்க வழியுண்டு. ஒன்றுக்கு விண்ணப்பித்துவிட்டு மற்றதும் தானாக வரும் என்று இருந்துவிட முடியாது. எல்லாம் பிரதேச செயலகம் என்ற ஒரே கூரைக்குக் கீழே இருந்தாலும், மேசைகள் வேறு, கோவைகளும் வேறு.

வேலை செய்து சேர்த்த உரிமைகள் முற்றிலும் தனியானவை. வேலை செய்யும் இடத்தில் விபத்து நடந்திருந்தால் 1934 ஆம் ஆண்டின் வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் தொழில் வழங்குநரிடம் நட்டஈடு கேட்கலாம். அத்தானுக்கு வீட்டில் படுக்கையில் வந்தது, ஆகவே அந்த வழி இல்லை. அரசாங்க உத்தியோகத்தராக இருந்தால் மருத்துவ சபையின் முன் தோன்றி, சுகவீனம் காரணமாக ஓய்வு பெறும் ஒழுங்கு உண்டு. ஊழியர் சேமலாப நிதியைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

மாதாந்தக் கொடுப்பனவைப் பொறுத்தவரையில் மக்கள் விளங்கிக்கொள்ளாத ஒரு விடயம், தகுதி வேறு, இடம் வேறு என்பதாகும். 2023 இல் அஸ்வெசும என்ற அரசாங்க நலன்புரித் திட்டம் ஆரம்பிக்கப்பட்டபோது முழு நாட்டுக்கும் 72,000 மாற்றுத்திறனாளிகள் என்றுதான் கணக்கு வைக்கப்பட்டிருந்தது. அப்படியொரு எல்லை போட்டுவிட்டால், ஒரு பிரதேச செயலகத்துக்கு இத்தனை பேர் என்றுதான் பங்கு பிரியும். அதற்கு மேல் தகுதியுள்ளவர்கள் அனைவரும் காத்திருப்போர் பட்டியலுக்குப் போவார்கள். திருகோணமலை மாவட்டத்தில் பட்டினமும் சூழலும் தொடக்கம் வெருகல், பதவிசிறிபுர வரைக்கும் பதினொரு பிரதேச செயலகப் பிரிவுகள் இருக்கின்றன. யுத்தத்தில் கால் இழந்தவர்கள், பிறவியிலேயே பார்வை இல்லாதவர்கள், நீரிழிவால் கால் கழற்றப்பட்டவர்கள், அத்தானைப் போல் நடுவயதில் விழுந்தவர்கள் என்று எல்லோரும் அந்த ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள். அந்த வரிசையில் முன்னுக்கும் பின்னுக்கும் நிறுத்துவது கோவையில் எழுதப்பட்டிருக்கும் விடயந்தான் என்பதால், அது எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்பது முக்கியமாகிவிடுகிறது.

போகிற பாதை ஒளிவுமறைவானது அல்ல. கிராம உத்தியோகத்தரிடம் வதிவிடத்தையும் வருமானத்தையும் உறுதிப்படுத்திக்கொண்டு, அரசாங்க வைத்தியரின் அறிக்கையை இணைத்து, பிரதேச செயலகத்தில் உள்ள சமூக சேவை உத்தியோகத்தரிடம் கொடுக்க வேண்டும். அவர் வீட்டுக்கு வந்து பார்த்துத் தன்னுடைய சிபாரிசை எழுதுவார். எழுதப் படிக்கத் தெரிந்த எவரும் இதை ஒரு கிழமைக்குள் செய்துவிடலாம் என்றுதான் தோன்றும். அந்த வீட்டுக்கு வரும் நாளில் என்ன நடக்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

உத்தியோகத்தர் வருகிறார் என்று தெரிந்ததும் அக்கா விடியவே எழும்பி முற்றம் கூட்டி, அத்தானைக் குளிக்க வார்த்து, சவரம் செய்வித்து, அயன் பண்ணிய சேர்ட்டும் கோயிலுக்குக் கட்டுகிற சாரமும் உடுத்தி, விறாந்தையில் கதிரை போட்டு இருத்திவிட்டார். வந்தவர் கிண்ணியாப் பக்கத்தைச் சேர்ந்த ஓர் இளம் பெண். அவர் கண்டது, மாப்பிள்ளை போல வெளிக்கிட்டுக் கதிரையில் நிமிர்ந்து இருந்த ஓர் ஆம்பிளையை. தேநீர் வந்தது. கேள்விகள் தொடங்கின.

"ஐயா, நடப்பீங்களா?"

"ஓம், நடப்பன்."

"சாப்பாடெல்லாம்?"

"நல்லாச் சாப்பிடுவன்."

அக்கா கதவு நிலையில் சாய்ந்து நின்றார். வெளி மனிதர் முன்னிலையில் கணவர் சொன்னதை மறுத்துப் பேசுகிற பழக்கம் அந்த வயதுப் பெண்களுக்கு இல்லை. அத்தான் சொன்னதும் பொய் இல்லை. கட்டிலில் இருந்து விறாந்தைக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு அவரால் நடக்க முடியும். சாப்பாட்டுக்கும் குறைவில்லை. அந்த இரண்டு பதில்களையும் அப்படியே எழுதிக்கொண்டு அவர் எழும்பிப் போயிருந்தால் விடயம் அதோடு முடிந்திருக்கும். எத்தனையோ வீடுகளில் அப்படித்தான் முடிந்திருக்கிறது என்று நினைக்கிறேன். ஆனால் அந்தப் பிள்ளை பேனையை மூடி வைத்துவிட்டு, அத்தானின் இடுப்பைப் பார்த்து, "இந்தச் சாரத்த ஆரு உடுத்திவிட்டது ஐயா?" என்று கேட்டார்.

சாரம் உடுத்துவதற்கு இரண்டு கை வேண்டும் என்பதை இரண்டு கையும் உள்ளவன் ஒருநாளும் யோசிப்பதில்லை. ஒரு தலைப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு மறு தலைப்பை மடித்துச் செருக வேண்டும். அத்தான் ஒரு தலைப்பைப் பல்லால் கடித்துக்கொண்டு இடக் கையால் செருகப் பார்ப்பார். எழும்பி நின்றதும் அது அவிழ்ந்துவிடும். அதனால்தான் வீட்டில் அவர் எப்போதும் ரப்பர் நாடா போட்ட காற்சட்டையுடன் இருக்கிறார். அதனால்தான் படலைக்கு வெளியே போவதையும் நிறுத்திவிட்டார். அக்கா மெதுவாக, "நான்தான் மிஸ்" என்றார். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை, "இண்டைக்குக் காலம எழும்பினதிலயிருந்து நான் வாற வரைக்கும் என்னென்ன நடந்த? ஒண்டொண்டாச் சொல்லுங்க" என்று கேட்டு, எழுதத் தொடங்கினார். அரைமணித்தியாலத்துக்கு மேல் எழுதினார்.

1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், அதாவது மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் எங்கள் நாட்டுச் சட்டம், யாரை மாற்றுத்திறனாளி என்று கொள்கிறது என்பதைத் தேடி வாசித்தபோது, அந்தப் பிள்ளை கேட்ட கேள்வி எவ்வளவு சரியானது என்பது எனக்கு விளங்கியது. உடலிலோ மனத்திலோ உள்ள ஒரு குறைபாட்டின் காரணமாக, அது பிறவியிலேயே வந்ததாக இருந்தாலும் இல்லாவிட்டாலும், வாழ்க்கைக்கு அவசியமானவற்றை முழுவதுமாகவோ பகுதியாகவோ தானாகவே செய்துகொள்ள இயலாத நிலையில் இருப்பவர் என்ற கருத்தில்தான் அந்தச் சட்டம் பேசுகிறது. அதில் 'பகுதியாகவோ' என்று இருப்பதைக் கவனிக்க வேண்டும். கட்டிலோடு கிடந்தால்தான் கிடைக்கும் என்பது ஊர்க்கதை. அத்தானைப் போல, சுவரைப் பிடித்து நடக்கிற, சோறு குழைத்துக் கொடுத்தால் சாப்பிடுகிற மனிதரும் அதற்குள் வருகிறார்.

அன்றைக்குப் பின்னேரம் பேத்தியின் பழைய அப்பியாசக் கொப்பி ஒன்றை அக்காவிடம் கொடுத்து, ஒவ்வொரு நாளும் படுக்கப் போகுமுன் நாலு வரி எழுதி வைக்கச் சொன்னேன். வைத்திய அறிக்கை புதுப்பிக்கும்போதும், மேன்முறையீடு செய்ய நேர்ந்தாலும், மீண்டும் எவராவது பார்க்க வந்தாலும், ஞாபகத்தில் இருந்து சொல்வதைக் காட்டிலும் திகதி போட்டு எழுதிய குறிப்புக்கு மதிப்பு அதிகம். அக்கா எட்டாம் வகுப்போடு நின்றவர். ஆனால் அவர் எழுதியதைப் போல என்னால் எழுத முடியாது. ஒரு பக்கத்தை அவருடைய அனுமதியோடு தருகிறேன்:

"காலம கட்டிலால எழுப்பினது நான். கக்கூசுக்குக் கூட்டிப்போனது நான். கதவ விட்டுப்போட்டுத் திரும்பேக்க சாய்ஞ்சு முழங்கால் அடிபட்டது. பகல் சூடை மீன். முள்ளு எடுத்துக் குடுத்தன். இடக்கையால கரண்டியில சாப்பிட்டார், பாதி மடியில. பின்னேரம் நல்லாக் கதைச்சார், ரேடியோ கேட்டார். ராவைக்கு ரெண்டு தரம் எழும்பினன்."

'பின்னேரம் நல்லாக் கதைச்சார்' என்ற வரியை வெட்டிவிடலாமா என்று மருமகன் கேட்டான். வெட்டக் கூடாது என்று சொன்னேன். நல்ல பொழுதுகளே இல்லாத ஒரு கொப்பியை எவரும் நம்ப மாட்டார்கள்; நம்பவும் கூடாது. பாரிசவாதக்காரருக்குக் காலையில் இருக்கிற பலம் பின்னேரத்தில் இருப்பதில்லை, வெயில் ஏறிய நாளில் ஒரு மாதிரி, மழை நாளில் ஒரு மாதிரி. அந்த ஏற்ற இறக்கத்தை எழுதியிருப்பதுதான் அந்தக் கொப்பியின் பலம். நல்ல நாளில் பார்க்க வந்த உத்தியோகத்தருக்கு மற்ற நாட்களும் இருக்கின்றன என்பதை அது காட்டும். கூட்டிச் சொல்ல வேண்டிய தேவை உண்மையான ஏலாமை உள்ளவருக்கு வருவதேயில்லை. குறைத்துச் சொல்லாமல் இருந்தால் போதும்.

குறைத்துச் சொல்வதால் வரும் சேதம் கிளினிக்கில்தான் அதிகம். பெருநாள் சந்தை போல நெரியும் கிளினிக்கில் ஒரு நோயாளிக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். டொக்டர் சிங்களத்தில் "கொஹொமத?" (எப்படி?) என்று கேட்பார். அத்தானும் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் "ஹொந்தய்" (நல்லம்) என்று சிரிப்பார். மரியாதைக்குக் கேட்ட கேள்விக்கு மரியாதைக்குச் சொன்ன பதில் அது. ஆனால் கிளினிக் கொப்பியில் அன்றைய திகதியின் கீழ் 'இம்ப்ரூவிங்' என்று ஒரு சொல் விழுந்துவிடும். பல மாதங்கள் கழித்து, வேறொரு வைத்தியர் கொடுப்பனவுக்கான அறிக்கையை நிரப்ப உட்காரும்போது, அவருக்கு முன்னால் இருப்பது அத்தானின் சிரிப்பு இல்லை, அந்த ஒற்றைச் சொல்தான். இதற்கு டொக்டர்மாரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர்களுக்குச் சொல்லப்பட்டதைத்தான் அவர்கள் எழுதுகிறார்கள். அதனால் நாங்கள் கிளினிக்குக்குப் போகும்போது ஒரு சின்னத் துண்டில் மூன்று விடயங்களை எழுதிக்கொண்டு போகத் தொடங்கினோம்: போன முறைக்குப் பிறகு விழுந்தாரா, வலது கையால் எதைப் பிடிக்க முடிகிறது, இரவில் என்ன நடக்கிறது. சிங்களம் நன்றாகத் தெரிந்த தாதியிடம் அந்தத் துண்டைக் காட்டினால் அவர் எடுத்துச் சொல்லிவிடுவார். மூன்று விடயத்துக்கு மேல் எழுதினால் எவரும் கேட்க மாட்டார்கள்.

அறிக்கை கேட்கும்போது இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். 'பாரிசவாதத்துக்குச் சிகிச்சை பெறுகிறார்' என்று மட்டும் எழுதிய கடிதம் கொடுப்பனவுக்குப் பெரிதாக உதவாது. எந்தப் பக்கம் பாதிக்கப்பட்டது, எவ்வளவு காலமாக, இந்த நிலை நிரந்தரமானதா, அன்றாட வேலைகளுக்கு இன்னொருவரின் உதவி தேவையா என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். தேவையென்று பணிவாகக் கேட்டால் எழுதுவார்கள். கேட்காவிட்டால் அவர்களாக எழுத நேரம் இருக்காது.

பத்திரங்களின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் திருகோணமலையில் அதைத் தொடங்கினால் முடியாது. பிறப்புச் சாட்சிப்பத்திரத்தில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஓர் எழுத்து மாறிய பெயர், வங்கிப் புத்தகத்தில் ஆங்கிலத்தில் வேறொரு மாதிரி எழுதப்பட்ட பெயர் என்பது இங்கே சாதாரணம். 2004 இல் கடல் கொண்டுபோனவையும், 2006 இல் மூதூர், சம்பூர்ப் பக்கம் இடம்பெயர்ந்து ஓடும்போது விட்டுவிட்டு வந்தவையும் எத்தனையோ. மூன்று பெயரும் ஒரே ஆளுடையதுதான் என்று சமாதான நீதவான் முன்னிலையில் ஒரு சத்தியக் கடதாசி முடித்து, அதை விண்ணப்பத்தின் மேலேயே வைத்துவிடுவது நல்லது. கோவை திரும்பி வருவதற்கு முக்கால்வாசிக் காரணம் இந்த எழுத்து வித்தியாசந்தான் என்பது என்னுடைய உத்தியோக கால அனுபவம்.

நான் உண்மையாகவே கோபப்படுகிற இடம் வேறு. அஸ்வெசும தெரிவு ஒரு மனிதரைப் பார்த்து நடப்பதில்லை. குடும்பத்தைப் பார்த்து நடக்கிறது. கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டின் நிலை, குடும்ப அமைப்பு என்று ஆறு விடயங்களில் 22 அளவுகோல்கள் வைத்துப் புள்ளி போடுகிறார்கள். வறுமையை அளப்பதற்கு அது சரியான முறையா என்பதைப் பொருளியல் தெரிந்தவர்கள் சொல்லட்டும். ஏலாமையை அளப்பதற்கு அது சரியில்லை என்பதை அக்காவின் வீட்டைப் பார்த்தே நான் சொல்வேன். சுனாமிக்குப் பிறகு ஒரு திட்டத்தில் கிடைத்த கல்வீடு, அதற்கு மேசனான அத்தானே தன் கையால் கட்டிச் சேர்த்த விறாந்தை, மருமகன் வேலைக்குப் போகிற மோட்டார் சைக்கிள். பதியும்போது இவை எல்லாம் வசதிகளாகத் தெரிகின்றன. அந்தச் சுவர்களைக் கட்டிய கை இன்றைக்கு ஒரு பொத்தான் பூட்டாது என்பதற்கு எந்த நிரலில் புள்ளி?

அதோடு, ஏலாமை செலவைக் கூட்டுகிறது என்பதை அந்தக் கணக்கு பார்ப்பதாகத் தெரியவில்லை. பஸ்ஸில் ஏற முடியாதவருக்குச் சாம்பல்தீவில் இருந்து ஆஸ்பத்திரிக்குப் போக ஓட்டோதான். இரவுக்குப் பம்பர்ஸ் வேண்டும், பிசியோதெரபிக்குப் போய்வர வேண்டும், வழுக்காத செருப்பு வேண்டும், கக்கூசில் பிடிகம்பி போட வேண்டும். அக்கா முன்னர் விடியற்காலையில் இடியப்பம் அவித்து உப்புவெளிக் கடைகளுக்குக் கொடுத்தவர். அத்தான் விழுந்த பிறகு அந்த வேலை நின்றது. இரண்டு வருமானமும் ஒரே நாளில் போனது. பராமரிக்கிறவருக்கு ஒரு சதமும் எந்தத் திட்டத்திலும் கேட்க வழி இருப்பதாக நான் காணவில்லை. 10,000 ரூபா போதுமா என்று எவராவது கேட்டால், அந்தக் காசு இல்லாத வீட்டில் போய்க் கேளுங்கள் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. ஆனால் அது இடியப்பக் காசையும் ஈடுசெய்யாது என்பதும் உண்மை.

கட்டடங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பொதுக் கட்டடங்களுக்கு மாற்றுத்திறனாளிகள் இலகுவாகப் போய்வர வசதி செய்ய வேண்டும் என்ற ஒழுங்குவிதிகள் 2006 இல் வர்த்தமானியில் வந்தன. 2011 இல் உயர் நீதிமன்றமும் அதை வலியுறுத்தி உத்தரவிட்டது. நாங்கள் ஒரு கையொப்பத்துக்காகப் போன காரியாலயம் ஒன்றில், மாற்றுத்திறனாளிகளின் அலுவல் பார்க்கிற அறையே மேல்மாடியில் இருந்தது. அத்தான் ஓட்டோவுக்குள் இருக்க நான் மேலே ஏறிப் போய் நிலைமையைச் சொன்னேன். அந்த உத்தியோகத்தர் கோவையையும் மைப்பெட்டியையும் தூக்கிக்கொண்டு இறங்கி வந்து, ஓட்டோவின் வாசலில் குனிந்து நின்று, அத்தானின் இடக்கைப் பெருவிரலைப் பிடித்துப் பதித்துக்கொண்டு, தன்னுடைய லேஞ்சியால் அந்த மையைத் துடைத்தும் விட்டார். நல்ல மனிதர். ஆனால் அவர் விடுமுறையில் நின்ற நாளில் போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்தப் பெருவிரல் வங்கியில் இன்னொரு சிக்கலைக் கொண்டுவந்தது. அத்தானின் பழைய கணக்கு வலக்கைக் கையொப்பத்தில் திறந்தது. அந்தக் கையொப்பத்தை இனி அவரால் போட முடியாது. அதைச் சொல்லாமல் விட்டுவிட்டுப் பணம் வந்த பிறகு எடுக்கப் போனால், வரிசையில் நின்று திரும்பி வர வேண்டியதுதான். ஆகவே விண்ணப்பம் கொடுத்த கையோடு வைத்திய அறிக்கையின் பிரதியுடன் வங்கிக்குப் போய், கையொப்பத்தைப் பெருவிரல் அடையாளமாக மாற்றும் அலுவலை முடித்துவிட்டோம். முகாமையாளரின் முன்னால் அத்தானை இருத்தித்தான் அது நடந்தது. ஏலாதவரின் காசை எவரும் அபகரித்துவிடக் கூடாது என்பதற்காக உள்ள கட்டுப்பாடு அது. உறவுக்காரர் எடுத்துக் குடித்த கதைகள் எங்கள் பகுதியிலும் உண்டு, ஆகவே அதை நான் குறை சொல்லப் போவதில்லை.

விண்ணப்பம் கொடுத்த பிறகு வருகிற மௌனத்தைத்தான் அனேகமானோர் தாங்க மாட்டார்கள். 'பட்டியலில் இருக்கு' என்ற பதிலுக்கு மேல் வாய்மொழியாக ஒன்றும் கிடைக்காது. அந்த நேரத்தில் கையில் இருக்கிற ஒரு கருவி, 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். எந்தத் திகதியில் விண்ணப்பம் பதியப்பட்டது, காத்திருப்போர் பட்டியலில் எத்தனையாவது இடம், அந்த ஒழுங்கு எந்த அடிப்படையில் தீர்மானிக்கப்படுகிறது என்று மூன்று கேள்வியை எழுதித் தகவல் உத்தியோகத்தரிடம் கொடுத்தால், தகவலைத் தருவதா இல்லையா என்ற தீர்மானத்தை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். காரணம் சொல்லிக் கேட்க வேண்டிய தேவையில்லை, தமிழில் எழுதலாம். நான் எழுதினேன், பதில் வந்தது, இலக்கமும் தெரிந்தது. இலக்கம் தெரிந்ததால் பணம் உடனே வந்துவிடவில்லை. ஆனால் பதிவேட்டில் விண்ணப்பம் இருக்கிறது என்பது எழுத்தில் கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு மேசையிலும் முதலில் இருந்து கதை சொல்ல வேண்டியிருக்கவில்லை. கடைசியில் அத்தானின் பெயர் சேர்க்கப்பட்டது. இப்போது மாதாமாதம் வருகிறது.

வேறு கிராம உத்தியோகத்தர் பிரிவுக்கு வீடு மாறினால் முன்கூட்டியே அறிவித்து, கோவையை மாற்றுவித்துக்கொண்டு போங்கள். மகளின் வீட்டில் போய் இருந்துவிட்டு, விசாரிக்க வந்தபோது ஆள் இல்லை என்று பெயர் வெட்டுப்பட்டவர்களை எனக்குத் தெரியும்.

சேமலாப நிதி விடயம் இன்னும் முடியவில்லை. அத்தான் தனியாக மேசன் வேலைக்கு இறங்குமுன் ஒரு கட்டட நிறுவனத்தில் சில வருடங்கள் இருந்தவர்; அந்தக் காலத்தில் அவருடைய பங்கு 8 வீதமும் நிறுவனத்தின் பங்கு 12 வீதமும் கட்டப்பட்டிருக்கின்றன. ஆண்களுக்கு 55 வயதில்தான் அந்தப் பணத்தை எடுக்கலாம் என்று அவரே அதை மறந்துவிட்டு இருந்தார். நிரந்தரமாக வேலை செய்ய இயலாமற் போனவர், மருத்துவ அத்தாட்சியுடன் அந்த வயதுக்கு முன்னரே கேட்க 1958 ஆம் ஆண்டின் சட்டத்தில் இடம் இருக்கிறது. தொழில் திணைக்களத்தின் ஊடாகத்தான் கேட்க வேண்டும். அந்த நிறுவனம் இப்போது இல்லை. அங்கத்துவ இலக்கம் எழுதிய சம்பளத் துண்டு ஒன்றை அக்கா பழைய ட்ரங்குப் பெட்டியில் தேடி எடுத்திருக்கிறார், அதில் கடைசி இரண்டு இலக்கங்கள் மங்கிப் போயிருக்கின்றன. வருகிற திங்கட்கிழமை அத்தானின் அடையாள அட்டையுடன் தொழில் காரியாலயத்துக்குப் போய், பெயரை வைத்து அந்த இலக்கத்தைக் கண்டுபிடிக்க முடியுமா என்று கேட்கப் போகிறேன். அக்காவின் கொப்பியின் பிரதியையும் கொண்டு போகிறேன்.